கவர்னர் ஆல்ட்கெல்ட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மே தினக் கூட்டத்தில் பேசிய தோழர் ஒருவர், சிகாகோ ஹேமார்க்கெட் வழக்கில் (1886-இல் தொழிலாளர் கூட்டத்தில் போலீஸ் மீது குண்டு வீசப்பட்டதற்காக அராஜகவாதிகள் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்ட வழக்கு) சிறையில் எஞ்சியிருந்த மூவரை அமெரிக்காவின் இல்லினாய் மாநில கவர்னர் ஆல்ட்கெல்ட் விடுவித்தார், அதனாலேயே அவருடைய அரசியல் வாழ்க்கை போயிற்று என்றார். வசதியான ஒரு மனிதருக்கு ஏன் இந்த வேலை? வெறும் இரக்கமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

இரக்கம் என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பார். 1893-இல் சிகாகோவின் பெரிய மனிதர்கள் பலரே ‘உள்ளே இருந்தது போதும், விட்டுவிடலாம்’ என்று மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கருணை அடிப்படையில் என்று ஒரு வரி எழுதினால் காரியம் முடிந்தது. ஆல்ட்கெல்டோ வழக்குக் கட்டைப் பிரித்து, நீதிபதி கேரி நடத்திய விசாரணையையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு, அந்த விஷயத்தைப் பாருங்கள். பெட்டியிலிருந்து சீட்டு எடுத்துப் பெயர் கூப்பிடுவதுதான் வழக்கம். இங்கே ரைஸ் என்ற தனி பெய்லிஃபை (நீதிமன்ற ஊழியரை) அனுப்பி ஆள் பிடித்துவரச் சொன்னார்கள். ‘இந்தப் பயல்கள் தூக்கில் தொங்கப்போவது நிச்சயம்’ என்று அவர் தன்னிடம் சொன்னதாக ஒரு வியாபாரி கொடுத்த பிரமாண வாக்குமூலத்தை ஆல்ட்கெல்ட் ஆணையில் எடுத்துப்போடுகிறார். குற்றவாளிகள்தான் என்று முன்பே முடிவுகட்டிவிட்டதாக ஒப்புக்கொண்டவர்களும் ஜூரியாக இருக்கலாம் என்றார் நீதிபதி. குண்டு வீசியது யார் என்பது கடைசிவரை நிரூபணமாகவில்லை. அதற்குள் நால்வரைத் தூக்கிலிட்டாயிற்று. ஒருவர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார். ஃபீல்டன், நீப், ஷ்வாப் மூவரும் 1893 ஜூன் 26 அன்று வெளியே வந்தார்கள்.

ஏன் இந்த வேலை என்கிறீர்கள். 1847-இல் ஜெர்மனியில் பிறந்து, கைக்குழந்தையாக ஒஹாயோ வந்தவர். பதினாறு வயதில் யூனியன் படையில் சேர்ந்தார், அப்புறம் வாத்தியார், வக்கீல். சிகாகோவில் நிலம் வாங்கி விற்றுப் பணக்காரரானார். ஆனால் 1884-லேயே, சிறைகள் ஏழைகளை அள்ளிப்போட்டு மேலும் கெடுக்கின்றன என்று புத்தகம் எழுதியவர். ஆணை திடீரென்று முளைத்ததல்ல. அதே 1893-இல் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் தலைமை ஆய்வாளராக ஃபிளாரன்ஸ் கெல்லியை நியமித்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை!

பத்திரிகைகள் அவரை அராஜகவாதி, அந்நியன் என்று வறுத்தெடுத்தன. அடுத்த வருடம் புல்மன் ரயில் பெட்டி கம்பெனித் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஜனாதிபதி கிளீவ்லாந்து தன்னைக் கேட்காமல் படை அனுப்பியதை எதிர்த்துத் தந்தி அடித்தார், பகை இரட்டிப்பானது. 1896 கவர்னர் தேர்தலில் தோற்றார், சொத்தும் போயிற்று. புகழ்பெற்ற வக்கீல் கிளாரன்ஸ் டாரோவின் அலுவலகத்தில் வேலை பார்த்து, 1902-இல் இறந்தார்.

தோழர் சொன்னதில் பாதிதான் சரி. 1896-இல் இல்லினாயில் அவருடைய ஜனநாயகக் கட்சி முழுவதுமே கவிழ்ந்தது. அதே கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் பிரையன் அங்கே வாங்கியதைவிட ஆல்ட்கெல்ட் வாங்கிய ஓட்டுகள் அதிகம்.