ஹஸ்க்வர்னா: பெயர் ஸ்வீடன், பார்ட்ஸ் எங்கே?

கேள்வி: 2021 மாடல் ஹஸ்க்வர்னா ஸ்வார்ட்பிலன் 250 பைக் ஒன்று செகண்ட் ஹேண்டில் வந்திருக்கிறது. "ஸ்வீடன் கம்பெனி, பார்ட்ஸுக்கு அலைய வேண்டியிருக்கும்" என்கிறார் மெக்கானிக். எங்கள் தோட்டத்து மரம் அறுக்கும் மெஷினிலும் இதே பெயர். இரண்டும் ஒரே கம்பெனியா? வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். நீங்கள் பார்த்த வண்டி புனே பக்கத்தில் சக்கனில், பஜாஜ் ஆலையில் தயாரானது. ஸ்வீடனில் பைக் தயாரிப்பு நின்று பல காலமாகிறது.

பைக்குக்கும் மரம் அறுக்கும் மெஷினுக்கும் வேர் மட்டும் ஒன்று. 1689-ல் ஸ்வீடன் அரசுக்குத் துப்பாக்கி செய்யத் தொடங்கிய தொழிற்சாலை அது; டேங்கில் உள்ள சின்னமே துப்பாக்கிக் குழாயின் முனைதான். தையல் மெஷின், சைக்கிள் என்று போய், 1903-ல் வெளியிலிருந்து வாங்கிய இன்ஜினைப் பொருத்தி முதல் மோட்டார் சைக்கிளை விட்டார்கள்.

என்னைக் கேட்டால், பேர் வாங்கித் தந்த வண்டி 1955-ல் வந்த சில்வர்பிலன்தான். 75 கிலோவுக்கு மிகாத பைக்கை 16 வயதுப் பையன்கள் ஓட்டலாம் என்று ஸ்வீடனில் சட்டம் இருந்தது. அந்த எடைக்குள் அடங்குமாறு 175 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றைச் செய்தார்கள். பையன்கள் அதைக் காட்டுக்குள் விரட்டிப் பந்தயம் ஓட்டினார்கள். அந்த ஒல்லி உடம்பு கம்பெனிக்கும் பிடித்துப்போனது. ஸ்வீடன் வீரர் டோர்ஸ்டன் ஹால்மன் ஹஸ்க்வர்னா ஓட்டி, 250 சிசி மோட்டோகிராஸில் (கரடுமுரடான மண்பாதைப் பந்தயம்) நான்கு முறை உலக சாம்பியன் ஆனார். 1966-ல் அவர் அமெரிக்கா போய் ஓட்டிக் காட்டியபோது, அங்கிருந்த கனமான பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகள் ஈடுகொடுக்க முடியாமல் திணறின.

அப்புறம் கைமாறிய கதைதான். எழுபதுகளின் கடைசியில் எலெக்ட்ரோலக்ஸ் முழுக் கம்பெனியையும் வாங்கியது. 1987-ல் பைக் பிரிவை மட்டும் இத்தாலியின் கஜிவாவுக்கு விற்றது. மரம் அறுக்கும் மெஷின் ஸ்வீடன்காரர்களிடமே தங்கியது. இத்தாலிக்குப் போக மனமில்லாத இன்ஜினியர்கள் சிலர் ஹூசாபெர்க் என்று தனியாகத் தொடங்கினார்கள். ஹஸ்க்வர்னா பைக் பிரிவை 2007-ல் பிஎம்டபிள்யூ வாங்கியது; 2013-ல் ஆஸ்திரிய பைக் கம்பெனியான கேடிஎம்மின் அப்போதைய தலைவர் ஸ்டெஃபான் பியரர் வாங்கினார். ஹூசாபெர்க் ஏற்கெனவே கேடிஎம் கையில் இருந்ததால், பிரிந்துபோனவர்களின் கம்பெனி பழைய பெயரிலேயே வந்து கரைந்தது!

இனி உங்கள் மெக்கானிக்கின் பயம். இந்த வண்டியின் இன்ஜின் அதே காலத்து கேடிஎம் 250 ட்யூக்கில் இருந்ததுதான். ஆயில் ஃபில்டர், கிளட்ச் பிளேட் போன்றவற்றைக் கேடிஎம் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கொஞ்சம் சிக்கல் மேல்பாகத்தில்தான்: வட்ட ஹெட்லைட், டேங்க் கவர், பின்பக்க பேனல்கள் இந்த மாடலுக்கே உரியவை; ஆர்டர் போட்டுக் காத்திருக்க நேரலாம். ஆகவே விலை பேசும் முன் டேங்க் மேலுள்ள கேரியர் கோணியிருக்கிறதா, ஹேண்டில்பார் முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் வண்டி பலமாக விழுந்திருக்கிறது. பேனல்களின் விலையை விசாரித்து, அதைக் கழித்துக் கேளுங்கள்.