முரண்படும் செய்திகளைக் கண்டு எல்லாவற்றையும் கைவிட வேண்டுமா?

ஒரே பேரணிக்கு இரண்டு நாளிதழ்கள் வெவ்வேறு கூட்டக் கணக்கைத் தந்ததால், இனிச் செய்தியையும் வரலாற்றையும் நம்பப்போவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏமாற்றம் நியாயமானது, முடிவுதான் அவசரமானது. 1983-இல் மேற்கு ஜெர்மனியின் ஸ்டெர்ன் இதழ் ஹிட்லரின் நாட்குறிப்புகள் என்று சிலவற்றை வெளியிடத் தொடங்கியபோது, அந்நாட்டுக் கூட்டாட்சி ஆவணக் காப்பகம் அவற்றைச் சோதனைக்கு உட்படுத்தி, போருக்குப் பிந்தைய பொருள்களால் ஆன போலிகள் என்று இரண்டு வாரங்களுக்குள் அறிவித்தது. பெரிய இதழும் ஏமாறும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பொய்யை உடைத்ததும் ஆவணங்களைச் சோதிக்கும் வரலாற்று முறைதான். ஆகவே, அந்த இரு செய்திகளிலும் எண்ணிக்கையைச் சொன்னவர் காவல்துறையா, அமைப்பாளர்களா என்று முதலில் பாருங்கள். நாள், இடம், கோரிக்கை ஆகியவற்றில் இரண்டும் ஒத்துப்போனால் அவற்றை ஏற்று, எண்ணிக்கையை மட்டும் உறுதியாகாததாக ஒதுக்கி வையுங்கள்.