பாசிக்கு வைரஸ் வந்தால் என் மகளுக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஐயா,

மகள் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் முடித்த கையோடு, கடல் நுண்பாசியைத் தாக்கும் வைரஸைப் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள். "தொட்டியில் பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவுவோம், அதற்கு வந்த நோயைப் படித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபத்தில் எழுதியிருந்தாலும் நியாயமான கேள்விதான்.

அவள் சொல்லும் பாசி கண்ணுக்குத் தெரியாமல் கடலில் மிதப்பது. பூமியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இந்த மிதவை உயிர்களின் உழைப்பு. பிரான்சின் தென்கரையில் தோ காயலில் 1994இல் கண்டறியப்பட்ட ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற நுண்பாசி ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுகூட இல்லை. பகலெல்லாம் வெளிச்சத்தில் பருத்து, பொழுது சாயும் வேளையில் இரண்டாகப் பிளக்கும். தினமும் இதே கணக்கு. வைரஸ் உள்ளே புகுந்துவிட்டால் கணக்கு குலைகிறது. பிளப்பதற்கு வைத்திருந்த சரக்கெல்லாம் வைரஸின் நகல்களுக்குப் போய், கடைசியில் செல் வெடிக்கிறது. வைரஸும் பொழுது பார்த்தே வேலை செய்யும். நீலப்பச்சைப் பாசிகளைத் தாக்கும் சில வைரஸ்கள் இருட்டில் செல்லின்மேல் ஒட்டவே தயங்கும். சிலவற்றிடம் ஒளிச்சேர்க்கைக்கான மரபணுவே இருப்பது 2003இல் தெரியவந்தது. திருட வந்தவன், அடுப்பு அணையாமலிருக்க விறகும் கொண்டுவந்ததுபோல! எனக்கே இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது.

பாசியின் நாள்கணக்கைப் படிப்பவர் அதே கணக்கில் வாழ வேண்டும் என்பதுதான் என் கவலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவு முழுவதும், பாசி வளரும் குடுவையிலிருந்து சில மில்லி உறிஞ்சி, குறித்து, செல்களை எண்ண வேண்டும். பின்னிரவு 2 மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் விளக்கைப் போட்டுவிட்டால் அந்தச் சோதனையே வீண். வைரஸ் விட்ட சில நாட்களுக்குள் பாசி செத்து, பச்சைக் குடுவை தண்ணீராய்த் தெளிந்து நிற்கும். அதைப் பார்த்து அவள் துள்ளுகிறாளா, கொட்டாவி விடுகிறாளா? மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்லாது. ஆகவே கட்டணம் கட்டுமுன் ஒரு மாதப் பயிற்சிக்கு ஏதாவது ஆய்வகத்தில் இடம் கேட்கச் சொல்லுங்கள்.

படிப்புக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம் இருக்கிறது. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயுடன் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்கு முயலலாம். பாசி வைரஸில் நெடுநாள் அனுபவமுள்ள ஆய்வகங்கள் இங்கிலாந்தின் பிளிமத், நார்வேயின் பெர்கன், பிரான்சின் ரோஸ்காஃப் பக்கம் இருக்கின்றன. நிரந்தர வேலை குறைவு, தாமதமாகவே வரும். இதை மறைக்க மாட்டேன்.

ஆனால் கற்ற கை சும்மா இருக்காது. வெள்ளைப்புள்ளி வைரஸ் 1990களில் நம் இறால் பண்ணைகளைப் புரட்டிப்போட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். இன்றும் குஞ்சுகளில் வைரஸின் மரபணு இருக்கிறதா என்று பி.சி.ஆர். சோதனை செய்துதான் குளத்தில் விடுகிறார்கள். அந்தச் சோதனைக்கூடத்துக்கும் இதே கைப்பழக்கம் வேண்டும். கூடவே புள்ளியியலும் பைத்தான் நிரலாக்கமும் கற்றுக்கொள்ளட்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. இரவு மாதிரி எடுக்கும் நாளில் துணைக்கு யார் இருப்பார்கள், விடுதிக்கு எப்படித் திரும்புவாள் என்று ஆய்வு வழிகாட்டியிடம் சேரும்முன்பே கேளுங்கள். நல்ல வழிகாட்டி கோபித்துக்கொள்ள மாட்டார்.