பழந்துணிப் பொதி எங்கே போகுது? – கேள்வி பதில்

திருப்பூர்ல பனியன் வேஸ்ட் கடையில ஆரம்பிச்சு, குஜராத் காண்ட்லாவுல பழந்துணி பிரிக்கிற கம்பெனியில பதினோரு வருஷம் சூப்பர்வைசரா இருந்தவன். இப்போ கொழிஞ்சாம்பாறையில தென்னையும் மாடுமா இருக்கேன். குழந்தைத் துணி தானம் பத்திக் கேட்டவங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

கே (சித்தூர்): பாப்பா துணி ரெண்டு அட்டைப்பெட்டி சேர்ந்திருக்குங்ணா. ஒண்ணுகூடக் கிழியல. ஆப்பிரிக்காவுல இல்லாதப்பட்ட குழந்தைகளுக்கு அனுப்பணும். எப்படி?

ப: நல்ல மனசும்மா. ஆனா தானமாப் போட்ட துணி கடல் தாண்டும்போது சரக்காயிருது. ஐரோப்பாவுல தானப்பெட்டியில விழறதுல பெரும்பங்கு கிலோ கணக்குல வியாபாரிக்குப் போகும். அதுல கொஞ்சம் கன்டெய்னர்ல காண்ட்லா வரும். பொம்பளைங்க மேஜை முன்னால நின்னு ஆம்பளைது, பொம்பளைது, குழந்தைதுன்னு பிரிச்சு, அதுல தரம் பிரிச்சுப் போடுவாங்க. அப்புறம் அழுத்திக் கட்டி மறுபடி கப்பல். கென்யாவுல அதுக்குப் பேரே 'மித்தும்பா', பொதின்னு அர்த்தம். நைரோபியில கிகோம்பா சந்தை, கானாவோட அக்ராவுல கான்டமான்டோ சந்தை. அங்க யாவாரம் பண்ற அம்மா பொதியைப் பிரிச்சுப் பார்க்காமலே பணம் கொடுத்து வாங்குவா. உள்ள கறையும் கிழிசலுமா இருந்தா நஷ்டம் அவ தலையில. குழந்தைத் துணிப் பொதிக்குத்தான் மவுசு. துணி தேயறதுக்குள்ள புள்ளை வளர்ந்துருதே!

ஒருநாள் ஒரு குட்டி பனியனைத் திருப்பிப் பார்த்தேன். லேபிள்ல 'மேட் இன் இந்தியா'. நம்ம திருப்பூர்ல ஓவர்லாக் அடிச்சதாக்கூட இருக்கலாம். ஏதோ வெள்ளைக்காரப் புள்ளை போட்டுக் கழிச்சு என் மேஜைக்கு வந்து, அடுத்து கென்யாவோட மொம்பாசா துறைமுகத்துக்குப் போகுது.

உங்க ரெண்டு பெட்டிக்கு வர்றேன். கூரியர் கூலி துணி விலையைவிட அதிகம். போய்ச் சேர்ற இடத்துல சுங்கம் வேற. பிலிப்பைன்ஸ்ல 1966-லயே பழந்துணி இறக்குமதிக்குத் தடைச் சட்டம் போட்டுட்டாங்க. வெளிநாட்டுக்கு உதவணும்னா பணமா அனுப்புங்க, துணியைப் பாலக்காடு தாண்டாமக் கொடுங்க. எங்க கொடுத்தாலும் ஈரம் கூடாது. ஒரு ஈரச் சட்டை போதும், பொதி முழுக்கப் பூசணம் ஏறிரும்.

கே (வேலந்தாவளம்): துவைக்கணுமா, அப்படியே கொடுக்கலாமா?

ப: துவைச்சு ரெண்டு நாள் வெயில்ல போடுங்க. ஈரம்!

கே (கோபாலபுரம், தையல்காரர்): அண்ணா, இந்தப் பொதி போய் இறங்கற ஊர்ல என்னை மாதிரி டெய்லர் பொழைக்கிறது எப்படி? தானம்னு சொல்லி வயித்துல அடிக்கிறதுதானே?

ப: வயித்துல அடிக்குதுதான். அதனாலதான் ருவாண்டா 2016-ல பழந்துணி வரியைக் கிலோவுக்கு 20 சென்ட்லிருந்து இரண்டரை டாலருக்கு ஏத்துச்சு. அமெரிக்காவுக்குக் கோபம். அவங்க நாட்டுக்குள்ள ருவாண்டா துணிக்கு இருந்த வரிச்சலுகையை 2018-ல நிறுத்திட்டாங்க.

கே (அவரே): அப்ப தடை பண்ணிரலாம்னு ஒத்துக்கறீங்க!

ப: இருங்க. கான்டமான்டோவுல தையல்காரங்களும் உண்டு. பெருசைச் சிறுசாக்கறது, சாயம் ஏத்தறது, கிழிசலை ஒட்டுப்போடறது, எல்லாம் அந்தச் சந்தையில நடக்குது. 2025 ஜனவரியில சந்தையில தீப்பிடிச்சு ஆயிரக்கணக்கான ஆளுங்களுக்குப் பொழப்பு போச்சு. நாளைக்கே தடைன்னா இவங்களுக்கு யாரு சோறு போடறது?

கே (நாட்டுக்கல்): டெய்லரண்ணா சொல்றது சரி. எங்க ஊர்லயும் ரெடிமேடு வந்துதான் ரெண்டு தையல்கடை மூடினாங்க. அது பழசுகூட இல்ல, புதுசு.

ப: இப்படியே போனா ராத்திரி ஆயிரும். டெய்லர் தம்பி, உங்க பேச்சுல பாதி எனக்குச் சம்மதம். மீதியை ஞாயித்துக்கிழமை டீக்கடையில வச்சுக்கலாம்.

கே (எருத்தேம்பதி): ஆப்பிரிக்காவுக்குப் பார்சல் அனுப்ப எவ்வளவு ஆகும்?

ப: முதல் பதிலைப் படிங்க.

கே (வாளையார்): தலைச்சன் புள்ளை துணியை வெளிய கொடுத்தா புள்ளைக்கு ஆகாதாமே?

ப: எங்க ஆத்தா வேற மாதிரி சொல்லும். பொறந்த குழந்தைக்குப் புதுசு ஆகாது, நல்லா வளர்ந்த புள்ளையோட பழசைக் கேட்டு வாங்கிப் போடணும்னு. யாராவது கொடுத்தாத்தானே வாங்க முடியும்?

கே (பொள்ளாச்சி): வெள்ளம் வந்தா மூட்டை கட்டி அனுப்பலாமில்ல?

ப: அனுப்பாதீங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல பழந்துணி ரோட்டோரம் குமிஞ்சு கிடந்துச்சு. வீட்டை இழந்தவங்க மானத்தை இழக்கல, ஊரான் கழிச்ச துணியைத் தொட மனசு வரல. முகாம்ல என்ன வேணும்னு கேட்டு, புது ஜட்டியும் துண்டும் வாங்கிக் கொடுங்க. மழைக்காலம் வேற, பழசு ஈரத்துலயே நாறும்.

கே (மீனாட்சிபுரம்): கிழிஞ்சது?

ப: மிஷின் துடைக்க வேஸ்ட் கடைக்காரங்க எடுப்பாங்க. கம்பளின்னா பானிப்பட்டுக்குப் போகும், நூலாத் திரிச்சுப் போர்வை ஆக்குவாங்க.

கே (கொல்லங்கோடு): ஆப்பிரிக்காவுக்குக் கப்பல்ல...

ப: மூணாவது ஆள்! மேல பாருங்க.

கே (சித்தூர், முதல்ல கேட்டவர்): கஞ்சிக்கோட்டுல ஒடியாக்காரங்க குடியிருக்கற லைன்வீட்டுல பாப்பாவைவிடச் சின்னப் புள்ளை ஒண்ணு இருக்குங்ணா. பழசைக் கொடுத்தா தப்பா நினைப்பாங்களோ?

ப: பெட்டியோட போய் நிக்காதீங்கம்மா. முதல்ல வெறுங்கையோட போய் அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட, "எங்க பாப்பாவுக்குச் சின்னதாயிருச்சு, பார்க்கறீங்களா"ன்னு கேளுங்க. அப்புறம் பெட்டியைத் திறந்து வைங்க, அவங்களே எடுக்கட்டும். வேண்டாம்னு வச்சதை முகம் சுளிக்காம வாங்கிட்டு வாங்க. கழுத்துல நாடா வச்ச சட்டைன்னா வீட்டுலயே உருவிருங்க, எங்கயாச்சும் மாட்டி இறுக்கிரும். தொங்கற பட்டனையும் தச்சிருங்க.

கே (அவரே): சரிங்ணா. நேத்துதான் துவைச்சேன், மழை விடவே இல்ல. நாளைக்கே கொண்டுபோகட்டுமா?

ப: இத்தனை நேரம் என்னம்மா சொல்லிட்டிருந்தேன்!