அடுக்கி வைத்த விண்டோ மறுநாள் கலைந்து கிடக்கிறதே!

கும்பகோணத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். கடையைச் சாத்திய பிறகு மட் விளையாடுவது பல வருடப் பழக்கம். படமே இல்லாமல் எழுத்தாலேயே நடக்கும் ஆன்லைன் விளையாட்டு அது. டெல்டா பக்கம் விளையாடுகிறவர்கள் அனுப்பும் சந்தேகங்களுக்கு முடிந்தவரை பதில் சொல்லி வருகிறேன். இந்த முறை ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரே குறைதான். அரட்டை, வரைபடம், உயிர்ப் பட்டை என்று எல்லா விண்டோவையும் பார்த்துப் பார்த்து அடுக்குகிறார்கள். கிளையண்டை, அதாவது மட்டோடு இணைத்து விளையாட உதவும் நிரலை, மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

கேள்வி (மன்னார்குடி): அண்ணே, மட்லெட் என்ற கிளையண்ட் வைத்திருக்கிறேன். அரட்டை விண்டோவை வலப்பக்கம் ஒதுக்கி, வரைபடத்தை அதற்கு மேலே வைக்கிறேன். மறுநாள் திறந்தால் இரண்டும் நடுத்திரையில் வந்து நிற்கின்றன. மூன்று முறை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்துவிட்டேன்.

பதில்: நான்காவது முறை வேண்டாம், தம்பி. மட்லெட்டை நீக்கினாலும், உங்கள் அமைப்புகளை வைத்திருக்கும் புரொஃபைல் நீங்குவதில்லை. யூசர் ஃபோல்டருக்குள் 'புள்ளி கான்ஃபிக்', அதற்குள் 'மட்லெட்', அதற்குள் 'புரொஃபைல்ஸ்' என்று அது தனியாக உட்கார்ந்திருக்கிறது. குறை அங்கே இருந்தால், எத்தனை முறை நிறுவினாலும் அதே குறையோடுதான் திறக்கும்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிளையண்ட் எழுதவே இல்லையா, அல்லது எழுதியதை வேறு ஏதோ கலைக்கிறதா? இதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். விண்டோவை நகர்த்தி வையுங்கள், மணி எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு முறையாக மூடுங்கள். மூடும்போது புரொஃபைலைச் சேமிக்கவா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். அவசரத்தில் அங்கே இல்லை என்று அழுத்திவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அப்புறம் அந்த ஃபோல்டரைத் திறந்து, கடைசியாக மாறிய நேரப்படி ஃபைல்களை வரிசைப்படுத்துங்கள். நீங்கள் குறித்த நேரம் அங்கே இல்லையென்றால் எழுதுவதில்தான் கோளாறு. இருந்தால் எழுதுவது சரியாக நடக்கிறது, திறக்கும்போதுதான் ஏதோ குறுக்கே வருகிறது.

ஒரு நண்பரிடமிருந்து வாங்கிய ஸ்கிரிப்டை (கிளையண்ட் தானாக ஓட்டும் கட்டளைத் தொகுப்பு) போட்ட பிறகுதான் இது தொடங்கியது என்று எழுதியிருந்தீர்கள். அதனால் இரண்டாவது வகை என்றே நினைக்கிறேன். ஸ்கிரிப்ட் எடிட்டரைத் திறந்து மூவ்விண்டோ, ரீசைஸ்விண்டோ என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடுங்கள். புரொஃபைல் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஸ்கிரிப்ட் முதலிலிருந்து ஓடும். அதில் இடமும் அளவும் எண்ணாக எழுதியிருந்தால், உங்கள் அடுக்கு எவ்வளவு சரியாகச் சேமிக்கப்பட்டிருந்தாலும் அந்த எண்கள்தான் கடைசியில் நிற்கும். அந்த வரிகளை முதல் தடவை மட்டும் ஓடும்படி மாற்றுங்கள். அதற்குப் பிறகு அடுக்கி முடித்ததும் சேவ்விண்டோலேஅவுட் கட்டளையை ஒரு முறை ஓடவிடுங்கள். திறக்கும்போது எல்லா விண்டோவும் உருவான பிறகே லோட்விண்டோலேஅவுட் ஓட வேண்டும். இந்த வரிசை முக்கியம். இன்னும் உருவாகாத விண்டோவுக்கு இடம் சொன்னால் அது எங்கே போய் உட்காரும்?

ஸ்கிரிப்ட் 'அட்ஜஸ்டபிள் கண்டெய்னர்' என்ற, இழுத்து நகர்த்தக்கூடிய பெட்டி வகையைப் பயன்படுத்தினால் அது தன் இடத்தைத் தானே சேமித்துக்கொள்ளும், ஒவ்வொன்றும் தன் பெயரில். இரண்டு கண்டெய்னருக்கு ஒரே பெயர் வைத்திருந்தால் ஒன்றின் இடத்தை மற்றது அழித்து எழுதிவிடும். பெயர்களை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): மஷ்கிளையண்ட் என்ற கிளையண்டில் சில நாள் என் லேஅவுட் (விண்டோ அடுக்கு) சரியாக வருகிறது, சில நாள் ஆறு மாதத்துக்கு முந்தையது வருகிறது. பேய் பிடித்த மாதிரி இருக்கிறது சார். புரோகிராம் ஃபைல்ஸில்தான் நிறுவினேன். அவ்வப்போது 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறப்பேன்.

பதில்: உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரில் சாதாரண யூசர் எழுத முடியாது. ஆனால் பழைய 32 பிட் நிரல்கள் தம் பக்கத்திலேயே எழுதிப் பழகியவை. அவை தடுமாறக் கூடாது என்று விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே ஓர் ஏற்பாடு உண்டு. நிரல் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் ஆப்டேட்டாவுக்குள் 'விர்ச்சுவல் ஸ்டோர்' என்ற இடத்துக்குத் திருப்பிவிடும். மதகில் பலகையைப் போட்டுத் தண்ணீரைப் பக்கத்து வாய்க்காலுக்குத் திருப்புவது போலத்தான். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் அந்தத் திருப்பல் இல்லை, நேரே அசல் ஃபோல்டரில் எழுதும். ஆக உங்களிடம் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. எப்படித் திறக்கிறீர்களோ அந்தப் பிரதி வருகிறது.

டி டிரைவில் மட் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, கிளையண்ட் முழுவதையும் அங்கே நகலெடுங்கள். விர்ச்சுவல் ஸ்டோரில் இருக்கும் புதிய ஃபைல்களை அதன்மேல் போடுங்கள். இனி அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவே தேவையில்லை. நகலெடுக்கும்போது பிளகின்ஸ் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஸ்டேட்' ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள். பிளகின்கள் வரையும் சின்ன விண்டோக்களான மினிவிண்டோக்களின் இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஃபைல்களின் பெயரில் வேர்ல்டின் (ஒரு மட்டுக்கான இணைப்பு அமைப்பு) அடையாள எண்ணும் பிளகினின் அடையாள எண்ணும் சேர்ந்தே இருக்கும். புதிதாக ஒரு வேர்ல்டை உருவாக்கினால் எண் மாறிவிடும், பழைய இடங்கள் அதற்குத் தெரியாது. அதனால் பழைய வேர்ல்ட் ஃபைலையே திறங்கள். பிளகினை நீங்களே எழுதியிருந்தால், அதன் தலைப்பில் சேவ் ஸ்டேட் என்ற பண்புக்கு 'ஒய்' கொடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிளகின் எதையும் நினைவில் வைக்காது.

கேள்வி (நாகப்பட்டினம்): ஜிப் ஃபைலுக்குள்ளேயே இரட்டைக் கிளிக் செய்து விளையாடுகிறேன். சேவ் ஆகவில்லை.

பதில்: அது தற்காலிக ஃபோல்டரில் ஓடுகிறது. முதலில் முழுவதையும் பிரித்து வெளியே எடுத்து வையுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம்.

கேள்வி (வேதாரண்யம்): எங்கள் பக்கம் கரண்ட் அடிக்கடி போகும். யூபிஎஸ் இல்லை. கரண்ட் போய் வந்தால் லேஅவுட் மட்டுமல்ல, சில நேரம் ட்ரிக்கர்கள்கூட (குறிப்பிட்ட வரி வந்தால் தானாக இயங்கும் கட்டளைகள்) இல்லை.

பதில்: இது எனக்கே நடந்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு பல நாள் கரண்ட் இல்லை. ஒரு நாள் இரவல் ஜெனரேட்டரில் கம்ப்யூட்டரைப் போட்டேன், அது நடுவில் நின்றுவிட்டது. அடுத்து பார்த்தபோது என் புரொஃபைல் ஃபைல் பூஜ்யம் பைட்டாக இருந்தது. பெரிய இழப்புகளுக்கு நடுவே அது சின்ன விஷயம்தான். ஆனாலும் பல வருடம் சேர்த்தது, மனசு வலித்தது.

பெரும்பாலான கிளையண்டுகள் விண்டோக்களின் இடத்தை மூடும்போதுதான் எழுதுகின்றன. கரண்ட் போனால் மூடுவது என்பதே நடக்கவில்லை. டாஸ்க் மேனேஜரில் 'எண்ட் டாஸ்க்' கொடுப்பதும் அப்படியே. எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் போனால் ஃபைலே பாழாகும். எனவே அடுக்கி முடித்த உடனே ஒரு முறை முறையாக மூடித் திறந்துவிடுங்கள். மட்லெட்டில் 'சேவ் புரொஃபைல்' பட்டனும் இருக்கிறது, முக்கியமான மாற்றம் செய்தால் அழுத்துங்கள். பழையது திரும்பக் கிடைக்கவும் வழி உண்டு. மட்லெட் தேதி போட்ட பெயர்களில் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும். இணைப்புத் திரையிலேயே முந்தைய தேதியைத் தேர்ந்தெடுக்கலாம். தொலைந்த ட்ரிக்கர்களை அங்கே தேடுங்கள், கிடைக்கும் என்றே நம்புகிறேன்.

கேள்வி (திருவாரூர்): அரசு கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். ஒட்டி வைத்த பேனல்கள் சரியாக வருகின்றன. மிதக்கும் விண்டோ மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு இடம்.

பதில்: உங்கள் டெஸ்க்டாப், லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் வேலண்ட் என்ற முறையில் ஓடுகிறது என்று தோன்றுகிறது. வேலண்டில் ஒரு நிரல் தன் தனி விண்டோ திரையில் எங்கே நிற்க வேண்டும் என்று தானே சொல்ல முடியாது. அதை டெஸ்க்டாப்தான் முடிவு செய்யும். அதில் கிளையண்டின் தவறு எதுவும் இல்லை. மிதக்கும் விண்டோவை முதன்மை விண்டோவின் ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். மிதக்கவே வேண்டுமென்றால், லாகின் திரையில் எக்ஸார்க் என்ற பழைய முறையின் அமர்வு காட்டினால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): விண்டோஸில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப்பில் வைத்திருக்கும் மஷ்கிளையண்டில் எதுவும் சேவ் ஆவதில்லை. பெயரை மாற்றச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.

பதில்: மாற்ற வேண்டாம். தமிழில் பெயர் வைத்தது உங்கள் தவறு அல்ல. பழைய நிரல்கள் ஃபைல் பாதையை விண்டோஸின் பழைய எழுத்துத் தொகுப்பு வழியாகப் படிக்கின்றன. அந்தத் தொகுப்புகளில் தமிழுக்கு ஒன்று வரவேயில்லை. விண்டோஸுக்குத் தமிழ் வந்ததே யூனிகோடில்தான். ஆகவே உங்கள் பெயர் அந்த நிரலுக்குக் கேள்விக்குறிகளாகத் தெரியும். ஸ்கிரிப்ட் எழுதப் பயன்படும் லுவா மொழியின் ஃபைல் திறக்கும் கட்டளைக்கும் விண்டோஸில் இதே சிக்கல் உண்டு. மயிலாடுதுறைக்காரருக்குச் சொன்னது போல டி டிரைவில் ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, கிளையண்டையும் வேர்ல்ட் ஃபைலையும் அங்கே வையுங்கள். உங்கள் பெயர் தமிழிலேயே இருக்கட்டும்.

கேள்வி (திருவையாறு): என் மகன் இந்த விளையாட்டுக்காக கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிக்க வேண்டும் என்கிறான். கடையிலும் அதையேதான் சொல்கிறார்கள். அப்படி என்ன விளையாட்டு ஐயா இது?

பதில்: ஃபார்மட் வேண்டாம். எங்கள் தொழிலில் பலரும் முதலில் சொல்வது அது, இந்தக் குறைக்கு அது மருந்தே இல்லை. விளையாட்டைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த வகை இது. பலர் ஒரே நேரத்தில் சேர்ந்து படித்தும் தட்டச்சு செய்தும் விளையாடுகிறார்கள். என் ஆங்கிலம் இதில்தான் தேறியது. முதல் கேள்விக்கான பதிலை மகனிடம் காட்டுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): வீட்டில் டிவியோடு இணைத்து விளையாடிவிட்டு, விடுதியில் திறந்தால் அரட்டை விண்டோவையே காணோம்.

பதில்: அது டிவி இருந்த பக்கத்திலேயே நிற்கிறது. அந்த விண்டோவை ஆல்ட் டேபால் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் விசை, ஷிஃப்ட், இட அம்பு மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். வராவிட்டால் ஆல்ட் ஸ்பேஸ், பிறகு எம், பிறகு அம்பு விசைகள்.

கேள்வி (பாபநாசம்): எனக்குப் பார்வை இல்லை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ வைத்து மஷ்கிளையண்டில் விளையாடுகிறேன். நண்பர் ஒருவர் உதவுவதாக நினைத்து நிறைய மினிவிண்டோ போட்டுவிட்டார். இப்போது அரட்டை எனக்குக் கேட்பதில்லை. மூடினாலும் மறுபடி வந்துவிடுகின்றன.

பதில்: உங்களுக்கு வேண்டியது லேஅவுட்டைச் சேமிப்பது அல்ல, அதை எடுத்துவிடுவது. மினிவிண்டோவில் இருப்பது வரைந்த படம், அதைத் திரைவாசிப்பான் படிக்காது. நண்பரின் பிளகின் அரட்டை வரிகளை முதன்மைத் திரையிலிருந்து எடுத்து அந்தப் படத்துக்குள் போட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன். மூடினாலும் பிளகின் இருக்கும் வரை மறுபடி வரைந்துகொண்டே இருக்கும். ஃபைல் மெனுவில் பிளகின்ஸ் பட்டியலைத் திறந்து அந்த பிளகின்களை நீக்குங்கள், பிறகு வேர்ல்டைச் சேமியுங்கள். சேமிக்காமல் மூடினால் அவை பட்டியலுக்குத் திரும்பிவிடும். என்விடிஏவுக்கு வரிகளை அனுப்பும் பிளகினை மட்டும் தொடாதீர்கள். பட்டியலில் எது எது என்று குழப்பமாக இருந்தால் சொல்லுங்கள். பாபநாசம் எனக்குப் பக்கம்தான், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உங்களோடு உட்கார்ந்து சரிசெய்து தருகிறேன்.