எலித் தொல்லை: வாசகர் கேள்விகளுக்கு அக்காவின் பதில்கள்

மழை பிடித்ததிலிருந்து வருகிற கடிதமெல்லாம் எலியைப் பற்றித்தான். அதனால் இந்த மாதம் சமையல் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அக்கா, யாங்கூன் ஊருக்குள்ளே ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். மழை தொடங்கினதிலிருந்து ராத்திரியானால் சமையலறையில் ஒரே உருட்டல். பொறி வைத்து ஒரு வாரமாகிறது. ஒன்றுகூட விழவில்லை, உள்ளே வைத்த கருவாட்டை மட்டும் காணோம். வேறு நல்ல பொறி இருக்கிறதா?

பதில்: தங்கச்சி, பொறியில் குறையில்லை. கொஞ்ச நாளைக்கு அதை மறந்துவிட்டு, ஒரு டார்ச் லைட்டும் ஒரு பென்சிலும் எடுத்துக்கொண்டு சமையலறையில் உட்காருங்கள். தொட்டிக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் சுவரைத் துளைத்துப் பின்சந்துக்குப் போகிறதே, அந்த இடத்தைப் பாருங்கள். குழாயைச் சுற்றி இடைவெளி இருக்கும். கட்டினவர்கள் துளையைப் பெரிதாகப் போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போவது இங்கே வழக்கம். பென்சில் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி நுழையும், கட்டைவிரல் நுழைகிற ஓட்டையில் பெரிய எலியே நுழையும். தலை போய்விட்டால் உடம்பு பின்னாலேயே போய்விடும். ஓட்டையின் விளிம்பில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒட்டியிருந்தால், அது எலி தினமும் வந்து போகிற பாதை. அதன் உடம்பில் இருக்கிற எண்ணெயும் அழுக்கும் ஒரே இடத்தில் உரசி உரசி அப்படிப் படியும். இன்னும் சந்தேகமாக இருந்தால் ராத்திரி படுக்கும்போது சுவரோரமாக முகப்பவுடரை மெல்லிசாகத் தூவிவிடுங்கள், காலையில் கால் தடமும் வால் இழுத்த கோடும் எங்கிருந்து எங்கே போகிறது என்று சொல்லிவிடும்.

கண்டுபிடித்த ஓட்டையைத் துணியாலோ பஞ்சாலோ அடைக்காதீர்கள், ஒரே ராத்திரியில் கடித்து இழுத்துப் போட்டுவிடும். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், ஆகவே எதையாவது கடிக்காமல் அதனால் இருக்க முடியாது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரை ஓட்டைக்குள் இறுக்கித் திணித்து அதன்மேல் சிமெண்ட் பூசுங்கள். தரையில் தண்ணீர் போகிற துளைக்கு இரும்புச் சல்லடை மூடி போடுங்கள், கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் தகரப் பட்டை அடியுங்கள். செலவு அதிகமில்லை, அரை நாள் வேலை.

அப்புறம் சாப்பாடு. ஙாப்பி என்கிற பர்மிய மீன் விழுதும் கருவாடும் வீட்டில் இருக்கிற வரை எலிக்கு உங்கள் விலாசம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அரிசியைச் சாக்கிலேயே வைக்காமல் மூடி இறுக்கமாக உட்காருகிற தகர டின்னில் கொட்டி வையுங்கள். ப்ளாஸ்டிக் வாளி போதாது, விளிம்பைக் கடித்துவிடும். மாடியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிற கயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளிப்பில் பையை மாட்டி மேலே இழுக்கிற அந்தக் கயிறு நமக்கு எவ்வளவு சௌகரியமோ, எலிக்கும் அவ்வளவு சௌகரியம். வீட்டெலி கயிற்றில் சர்க்கஸ்காரன் மாதிரி ஏறும். ராத்திரியில் கயிற்றை மேலே சுருட்டி வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் செய்த பிறகு பொறியை எடுங்கள். எலிக்குப் புதுப்பொருள் என்றால் பயம். பழகின பாதையில் புதிதாக எதையாவது வைத்தால் பல நாள் சுற்றிப் போகும். அதனால் முதல் நாலு நாள் பொறியை விசை ஏற்றாமல் வையுங்கள், உள்ளே கருவாடோ மசால்வடைத் துண்டோ போடுங்கள், தின்றுவிட்டுப் போகட்டும். ஐந்தாம் நாள் விசையை ஏற்றி, கருவாட்டை நூலால் கொக்கியில் இறுக்கிக் கட்டிவிடுங்கள், அப்போதுதான் இழுக்கும்போது விழும். பொறியை அறைக்கு நடுவில் வைக்க வேண்டாம், பிசுக்குக் கறை தெரிகிற சுவரோரம் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் பின்சந்தில் குப்பைப் பை விழுந்துகொண்டே இருந்தால் பாதிப் பலன்தான், இதை மனசு விட்டுச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்திலும் மேல்மாடியிலிருந்து ஜன்னல் வழியாகத்தான் போடுவார்கள். மூன்று வருஷம் தனியாகப் போராடிப் பார்த்தேன், ஓட்டையை அடைக்க அடைக்க வேறு ஓட்டை வந்தது. கடைசியில் வெட்கத்தை விட்டு மாடி மாடியாக ஏறி, பர்மியர் வீடு, சீனர் வீடு, நம்ம வீடு எல்லாக் கதவையும் தட்டினேன். எல்லாரும் பணம் போட்டு மூடியோடு இரண்டு டிரம் வாங்கிக் கீழே வைத்தோம், கீழ்த்தளத்து டீக்கடைக்காரர் மிச்ச சோற்றைத் தினமும் அதில் போட ஒத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் எங்கள் சமையலறையில் சத்தம் நின்றது. உங்களுக்கும் அந்தப் படியேற்றம்தான் முதல் வேலை என்று நினைக்கிறேன்.

கேள்வி: தெருவோரத்தில் சின்னப் பொட்டலத்தில் கறுப்புப் பொடி விற்கிறார்கள், சோற்றில் பிசைந்து வைத்தால் ராத்திரியே தீர்ந்தது என்கிறார்கள். வைக்கலாமா? வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். (கம்பையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வைக்காதீர்கள் தம்பி. பெயரும் சீட்டும் இல்லாத பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். கறுப்பாக, பூண்டு வாசனையோடு இருந்தால் அது பெரும்பாலும் சிங்க் பாஸ்பைடு. வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் என்கிற விஷவாயு கிளம்பும், அதற்கு மாற்று மருந்தே கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை இன்னும் மோசம். தின்ற பிள்ளை முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக விளையாடிக்கொண்டுகூட இருக்கும், பிறகுதான் கல்லீரல் போகும். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் பூச்சி ஒழிப்பு ஆட்கள் வந்து எலி மருந்து வைத்துவிட்டுப் போன வீட்டில், ஏசி போட்டுப் படுத்த குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு இந்தப் பேச்சு வந்தாலே நெஞ்சு பதறும்.

ரத்தத்தை உறையவிடாமல் செய்கிற மருந்துக் கட்டிகளும் உண்டு, அதற்கு வைட்டமின் கே என்று மாற்று மருந்து இருக்கிறது. ஆனால் தின்ற எலி சாக நாலைந்து நாளாகும், சுவருக்குள்ளோ கூரைக்குள்ளோ போய்ச் சாகும், நாற்றம் வாரக்கணக்கில் நிற்கும். விஷம் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ஆபத்து. பிள்ளை எதையாவது வாயில் வைத்துவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல், காத்திருந்து பார்க்காமல், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பாச்சை உருண்டையும் வேண்டாம், எலி அதற்குப் பயப்படாது, பிள்ளைகள் மிட்டாய் என்று தின்றுவிடுவார்கள்.

கேள்வி: எலி பிள்ளையாருக்கு வாகனம், கொல்லக்கூடாது என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு பர்மியம்மாவும் பாவம் என்கிறார். கூண்டில் பிடித்து வேறு தெருவில் விட்டுவிடலாமா? இன்னொன்று, எங்கள் வீட்டில் வருவது மூக்கு நீளமாக இருக்கிறது, கீச்சுக் கீச்சென்று கத்துகிறது, ஒரு மாதிரி நாறுகிறது. (மோல்மேன்)

பதில்: அம்மா, நீங்கள் சொல்வது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை, அரிசியையும் துணியையும் வயரையும் தொடாது. கரப்பானும் பூச்சியும்தான் அதற்குச் சாப்பாடு. கதவைத் திறந்து வைத்தால் சுவரோரமாகவே ஓடி வெளியே போய்விடும், அதற்குப் பொறி வேண்டாம். புழுக்கையைக் கவனியுங்கள்: அரிசிமணி அளவில் சிதறிக் கிடந்தால் சுண்டெலி, அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் பெரிய எலி. அதெல்லாம் தெரிந்தால் மட்டும் மேற்கொண்டு யோசியுங்கள்.

உங்கள் மாமியாரின் மனசு எனக்குப் புரிகிறது. அதனால்தான் நான் முதலில் அடைக்கச் சொல்கிறேன், அடைப்பதில் யாரும் சாகவில்லை. கூண்டில் பிடித்து அடுத்த தெருவில் விட்டால் அந்த வீட்டுக்காரருக்கு நம் தொல்லையைக் கொடுத்ததாகிவிடும், இல்லையென்றால் அதுவே திரும்பி வரும். ஒட்டு அட்டையை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் கத்தித் துடித்துச் சாகிறதைப் பார்த்தவர்கள் இரண்டாம் தரம் வாங்கமாட்டார்கள். கொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரே அடியில் முடிகிற விசைப்பொறிதான் அதற்கும் நல்லது.

மாமியாரிடம் சாமி அறையையும் கவனிக்கச் சொல்லுங்கள். படைத்த வாழைப்பழத்தையும் கொழுக்கட்டையையும் ராத்திரி அப்படியே விடாதீர்கள். எண்ணெய் ஊறின திரியை எலி விளக்கிலிருந்து இழுத்துக்கொண்டு போகும், எரிகிற திரியானாலும் சரி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் மரவீட்டில் ஒரு கார்த்திகை ராத்திரி அப்படித்தான் பாயோரம் கருகிக் கிடந்தது. அம்மா வாசனை பிடித்து எழுந்ததால் பிழைத்தோம். அதற்குப் பிறகு படுக்கும் முன் விளக்கைக் குளிர வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார்.

கேள்வி: செத்த எலியையும் புழுக்கையையும் எப்படிச் சுத்தம் செய்வது? மழைத் தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரும் என்கிறார்களே? (தாம்வே)

பதில்: விளக்குமாற்றை எடுக்காதீர்கள், உலர்ந்த புழுக்கையைப் பெருக்கினால் தூசி மூச்சில் போகும். ஜன்னலைத் திறந்து அரை மணி நேரம் விட்டு, கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனையத் தெளித்து, பத்து நிமிஷம் கழித்துக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். செத்த எலியையும் இதேபோல நனைத்து, இரண்டு பையில் கட்டிப் போடுங்கள். வெறுங்கையால் தொடாதே என்று பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1905இல் ரங்கூனுக்கு, அதாவது நம் யாங்கூனுக்கு, பிளேக் வந்தது. அந்த நோயைப் பரப்புவது எலியின் உடம்பில் இருக்கும் தெள்ளுப்பூச்சி. எலி செத்து உடம்பு குளிர்ந்ததும் அது சூடான உடம்பைத் தேடிப் போகும்.

எலிக்காய்ச்சல் உண்மைதான். எலி மூத்திரத்திலிருக்கிற கிருமி தேங்கின தண்ணீரில் கலந்து, காலில் இருக்கிற சின்னப் புண் வழியாக ஏறும். தெருவில் தண்ணீர் நிற்கும்போது செருப்போடு போகாமல் பூட்ஸ் போடுங்கள், வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில், சிலருக்கு ஒரு மாதம் கழித்துக்கூட, திடீர்க் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வரும். கண்ணோ மூத்திரமோ மஞ்சளானால் அன்றைக்கே ஓட வேண்டும். டெங்கு என்று நினைத்துவிட இடமிருக்கிறது, அதனால் டாக்டர் கேட்காவிட்டாலும் “போன வாரம் முழங்கால் தண்ணீரில் நடந்தேன்” என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். சீக்கிரம் தெரிந்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே குணமாகிவிடும்.