நள்ளிரவில் தலைக்குள் வெடிச்சத்தம்: கவனிக்க வேண்டியது வலியைத்தான்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 46. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மூன்று மாதமாக, கண் அசரும் நேரத்திலோ நடுராத்திரியிலோ காதுக்குப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டு அலறி எழுந்துவிடுகிறேன். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை இப்படி ஆகிறது. வீட்டில் வேறு யாருக்கும் அந்தச் சத்தம் கேட்பதில்லை. காலையில் எழுந்தால் தலை பிளக்கிறது. தினமும் ஒரு தலைவலி மாத்திரை, சில நாள் இரண்டு போட்டால்தான் வேலைக்குப் போக முடிகிறது. சி.டி. ஸ்கேன் எடுத்தேன், நார்மல் என்றார்கள். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள், பத்து நாளாகச் சாப்பிடுகிறேன். இப்போது தெரிந்தவர் ஒருவர், எம்.ஆர்.ஐ. பேக்கேஜ் எடுத்தால் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கப்போகிறதா என்று தெரிந்துவிடும், தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்கிறார். எடுக்கலாமா?

பதில்: அந்தத் தெரிந்தவருக்கு முதலில் ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவையுங்கள். ஸ்கேன் வேண்டுமா வேண்டாமா என்பதை உங்களை உட்கார வைத்துப் பரிசோதித்த டாக்டர் சொல்லட்டும். அந்தத் தெரிந்தவரைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

சத்தத்தையும் வலியையும் நீங்கள் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள். இரண்டும் வேறு வேறு. சத்தம் உங்களை நடுங்க வைக்கிறது, அதனால் ஸ்கேன் வரைக்கும் போய்விட்டீர்கள். வலியை மட்டும் மாத்திரை போட்டு அடக்கிக்கொண்டு ஆபீஸ் போகிறீர்கள். நான் இதைத் திருப்பிப் போடுவேன்.

சத்தத்துக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு: எக்ஸ்ப்ளோடிங் ஹெட் சிண்ட்ரோம், அதாவது தலை வெடிப்பது போன்ற உணர்வு. பெயர்தான் பயங்கரம். 1876-இலேயே சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க நரம்பியல் மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். 1988-இல் பியர்ஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் எழுதிய பிறகு இந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வேறு நல்ல பெயராக வைத்திருந்தால் பாதிப் பேருக்குப் பயமே வந்திருக்காது.

உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ரிக் வண்டியில் கம்ப்ரசரை நிறுத்தியதும் உள்ளே மிச்சமிருக்கும் காற்று 'புஸ்ஸ்' என்று வெளியேறும் இல்லையா? பக்கத்தில் நிற்கும் புதுப் பையன் துள்ளிக் குதிப்பான், பழைய ஆள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். தூங்கப் போகும்போது மூளையும் ஒவ்வொரு பகுதியாகத் தன்னை அணைத்துக்கொண்டு வருகிறது. சில நாள் அந்த வரிசை இடறி, அடங்க வேண்டிய கேட்கும் நரம்பணுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரு தடவை பொரிந்து தள்ளிவிடுகின்றன. காரணம் இப்படி இருக்கலாம் என்றுதான் மருத்துவர்கள் கருதுகிறார்கள். சத்தம் ஒரு நொடிகூட இருக்காது. சிலருக்குக் கூடவே மின்னல் அடித்த மாதிரி வெளிச்சம் தெரியும், கை கால் ஒரு தடவை உதறும். காதில் கோளாறு இல்லை, பேயும் இல்லை.

எனக்கே வந்திருக்கிறது. பட்டமேற்படிப்பு படித்த காலம், முப்பது மணி நேர டியூட்டி முடிந்து டியூட்டி ரூம் பெஞ்சில் கண் அசந்தேன். ஆக்சிஜன் சிலிண்டர் சிமென்ட் தரையில் விழுந்தது போல ஒரு சத்தம். வெளியே ஓடினால், சிஸ்டர் ரெஜிஸ்டரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார். நிமிர்ந்து பார்த்து, "என்ன சார், கனவா?" என்றார். தூக்கம் கெட்டால், கவலை கூடினால் இது அடிக்கடி வரும். இது ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு பலருக்குத் தானாகவே குறைந்துபோகிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சத்தத்தோடு வலி இருக்காது என்பது இந்தக் கோளாறின் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆகவே உங்கள் காலைத் தலைவலிக்குச் சத்தம் காரணமில்லை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது, அதைத்தான் தேட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு விதிவிலக்கு. இதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். சத்தத்தோடோ சத்தமில்லாமலோ, வாழ்நாளில் வராத ஒரு வலி சம்மட்டியால் அடித்தது போல வந்து ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டால், அது வேறு கதை. அது மூளையைச் சுற்றி ரத்தம் கசிவதாக இருக்கலாம். கழுத்தைக் குனிய முடியாது, வாந்தி வரும், சிலர் மயங்கி விழுவார்கள். மாத்திரை போட்டுப் பார்ப்போம், விடியட்டும் என்று இருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்து சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும். வலி தொடங்கி 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் சி.டி. அந்தக் கசிவை அநேகமாகத் தவறவிடாது, நாள் போகப்போக அதன் கண்ணுக்குத் தப்பும். வலி வந்து போய்விட்டதே என்று வீட்டில் இருந்துவிடவும் கூடாது. சிலருக்குச் சின்னக் கசிவு ஒன்று முதலில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும், பெரியது பின்னால் வரும். இரவு இரண்டு மணிக்கு யாரைத் தொந்தரவு செய்வது என்று யோசித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தொந்தரவு செய்யுங்கள். கை கால் மரத்துப் பலம் குறைந்தாலும், பேச்சு குழறினாலும், காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலும், விழிப்பில் நாக்கு கடிபட்டுப் படுக்கை நனைந்திருந்தாலும் இதேபோல உடனே போக வேண்டும்.

உங்களுக்கு அப்படி இல்லை. மூன்று மாதமாகக் காலையில் வருகிறது, மாத்திரை போட்டால் குறைகிறது. இந்த மாதிரி வந்தால் நான் முதலில் கேட்கிற கேள்வி: குறட்டை விடுகிறீர்களா? இதை உங்களிடம் கேட்டுப் பயனில்லை, உங்கள் மனைவியிடம் கேட்க வேண்டும். ஒரு வீட்டம்மா தன் கணவரின் குறட்டையைப் போனில் பதிவு செய்து என்னிடம் கொண்டு வந்தார். குறட்டை மேலே மேலே ஏறுகிறது, சட்டென்று நின்றுவிடுகிறது. காற்றாடி சத்தம் மட்டும் கேட்கிறது. பத்து, இருபது, இருபத்தைந்து நொடி. அப்புறம் தண்ணீரில் மூழ்கியவர் மேலே வந்தது போல ஒரு மூச்சு, மறுபடி குறட்டை. கணவருக்கு எதுவும் தெரியாது. பத்து நொடிக்கு மேல் மூச்சு நின்றாலே அதைக் கணக்கில் எடுப்போம். மணிக்கு 5 முறைக்கு மேல் இப்படி நடந்தால் அது ஸ்லீப் ஆப்னியா, தூக்கத்தில் மூச்சுத்தடை. ராத்திரி முழுக்க ஆக்சிஜன் ஏறி இறங்கி, காலையில் தலையின் இரண்டு பக்கமும் அழுத்துகிற மாதிரி வலிக்கும், வாய் காய்ந்திருக்கும். எழுந்து நாலு மணி நேரத்துக்குள் தானாக விட்டுவிடும். நீங்கள் எழுந்ததும் மாத்திரையைப் போட்டுவிடுவதால், தானாக விடுமா என்று பார்க்க வாய்ப்பே இல்லாமல் போகிறது. பகலில் லெட்ஜர் மேல் தலை சாய்கிறதா, சட்டைக் காலர் 16 அங்குலத்தைத் தாண்டுகிறதா, பி.பி. ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். குடிப்பழக்கம் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. எழுத விட்டுப்போயிருந்தால், டாக்டரிடமாவது சொல்லிவிடுங்கள். படுக்கும் முன் குடித்தால் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுத்தடை கூடும்.

இதோடு அந்தத் தூக்க மாத்திரை. பெயர் எழுதவில்லை, அல்பிரசோலமாகவோ குளோனசெபமாகவோ இருக்கும் என்று ஊகிக்கிறேன். மூச்சுத்தடை உள்ளவருக்கு இந்த வகை மாத்திரை எரிகிற அடுப்பில் விறகு வைத்த கதைதான். அல்பிரசோலத்தைச் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது, விற்றால் தனிப் பதிவேட்டில் வாங்கியவர் பெயரோடு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2014-இலிருந்து சட்டம் இருக்கிறது. எத்தனை கடையில் அந்தப் பதிவேடு இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. இப்போது நீங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம். சட்டென்று விட்டால் தூக்கம் இன்னும் மோசமாகி, அந்த வெடிச்சத்தமே கூடலாம். நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு ஃபிட்ஸ்கூட வரலாம். டாக்டரிடம் அட்டையைக் காட்டிப் படிப்படியாக விடுங்கள்.

அடுத்த சந்தேகம் உங்கள் தலைவலி மாத்திரை மேலேயே. வெறும் பாராசிட்டமாலை மாதத்தில் 15 நாளுக்கு மேல், காஃபின் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாளுக்கு மேல், மூன்று மாதம் தாண்டிப் போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். நீங்கள் மாதம் முப்பது நாளும் போடுகிறீர்கள். இரவில் மருந்தின் வேகம் இறங்கி, காலையில் தலை அதைக் கேட்டு அழுகிறது. இதை விடும்போது ஒரு வாரம், பத்து நாள் வலி முன்னைவிட அதிகமாகத்தான் இருக்கும். அந்தப் பத்து நாளைச் சொல்லித் தராமல் 'மாத்திரையை நிறுத்துங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்பினால், நோயாளி மூன்றாம் நாளே கடைக்குப் போய்விடுவார். புறநோயாளிப் பிரிவில் ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிற இடத்தில் இதையெல்லாம் யார் சொல்வது? ஸ்கேன் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் போதும்.

இப்போது தெரிந்தவரிடம் வருகிறேன். டாக்டர் கமிஷன் வாங்குவதை 2002-ஆம் வருட மருத்துவ ஒழுக்க விதிகள் தடை செய்கின்றன. ஆனால் ஸ்கேன் சென்டருக்கு ஆள் பிடிக்கும் தரகருக்கு அந்த விதி பொருந்தாது. தள்ளுபடி போக அவருக்கு ஒரு பங்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பேசுங்கள். 'வெடிக்கப்போகிறதா என்று தெரிந்துவிடும்' என்பதும் பாதிப் பொய். பெரியவர்கள் நூறு பேருக்கு ஸ்கேன் எடுத்தால் இரண்டு மூன்று பேருக்கு ரத்தக்குழாயில் சின்னப் புடைப்பு இருக்கும், அதில் பெரும்பாலானவை ஆயுசுக்கும் வெடிக்காது. ஆனால் ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்த பிறகு உங்களுக்கு எந்த ராத்திரியும் தூக்கம் வராது. உங்கள் அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்களில் இருவருக்கு மூளை ரத்தக்கசிவு வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள், அப்போது பார்க்கலாம்.

இன்னொரு ஆள் வருவார், இப்போதே சொல்லி வைக்கிறேன். மூச்சுத்தடை இருக்கிறதா என்று உறுதிசெய்ய ஸ்லீப் ஸ்டடி, அதாவது ஒரு ராத்திரி தூக்கத்தில் மூச்சை அளந்து பார்க்கும் சோதனை, தேவைப்படும். அதை யாரிடமாவது சொன்னால், 'வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறோம்' என்று மெஷின் விற்கிறவர் போன் செய்வார். ஒரு ராத்திரி விரலில் கிளிப் மாட்டிவிட்டு, மறுநாள் சிபாப் மெஷினை, அதாவது தூங்கும்போது முகமூடி வழியாக அழுத்தத்தோடு காற்றுச் செலுத்தும் கருவியை, தவணையில் தருவார். சிபாப் நல்ல சிகிச்சை. ஆனால் எத்தனை அழுத்தத்தில் காற்று போக வேண்டும், முகமூடி பொருந்துகிறதா என்று டாக்டர் பார்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு மாதத்தில் அது பீரோ மேல் ஏறிவிடும். நெஞ்சக நோய் அல்லது நரம்பியல் டாக்டரின் சீட்டோடு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஸ்லீப் ஸ்டடி வசதி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே காத்திருக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை. பல காப்பீட்டு பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும், சோதனைக்கு மட்டும் தராது. ஒரு ராத்திரி சோதனைக்குத் தர மறுத்துவிட்டு, பத்து வருடம் கழித்து அதே மூச்சுத்தடையால் வரக்கூடிய பக்கவாதத்துக்குத் தரத் தயாராக இருப்பது என்ன கணக்கோ, கணக்கு எழுதுகிற நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் மாட்டிய மாதக் காலண்டரில், சத்தம் கேட்ட நாளுக்கு ஒரு புள்ளி, காலையில் வலித்த நாளுக்கு ஒரு கோடு, போட்ட மாத்திரைக்கு எண். புள்ளி இல்லாத நாளிலும் கோடு விழுகிறதா என்று பார்த்தாலே சத்தமும் வலியும் வேறு வேறு என்பது உங்களுக்கே புரிந்துவிடும். அதுவரை மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள். பகலில் கண் சொருகினால் வண்டி ஓட்டாதீர்கள். போகும்போது அந்தக் காலண்டர் தாள், மாத்திரை அட்டைகள், முன்பு எடுத்த சி.டி. படம், மனைவியிடம் சொல்லிப் பதிவு செய்த குறட்டையோடு உங்கள் போன் எல்லாம் கையில் இருக்கட்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், ராத்திரி என்ன நடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும்.